துப்பாக்கிக்குக் குறிகாட்டி வாங்கப் போன நாள்

ஒஸ்லோவில் நான் சேர்ந்த துப்பாக்கி சுடும் கழகத்தில், முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் என் பம்ப் துப்பாக்கி மட்டும் இலக்கைத் தொடவே தொடாது. குறிபார்ப்பதற்காகக் குழாய் நுனியிலிருந்த குறிகாட்டியைக் கழற்றிவிட்டு, பச்சையாக ஒளிரும் புதிய ஒன்றைப் பூட்டித் தந்தவர் கழக நண்பர் ஆர்னே. அதன் பிறகும் சன்னங்கள் இடப்பக்கமே போயின. "நீ கோணலாகப் பூட்டிவிட்டாய்" என்று எல்லோர் முன்னிலையிலும் அவர்மேல் பாய்ந்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள், இருப்பதிலேயே விலைகூடிய குறிகாட்டியை வாங்க மனைவியுடன் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் என் முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டார்.

"இரண்டு கண்களையும் திறந்தபடி, கைகளை நீட்டிச் சேர்த்து, நடுவில் சிறு துவாரம் விட்டு, அதற்குள்ளால் என் மூக்கைப் பாருங்கள்."

பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"துவாரத்துக்குள்ளால் எனக்குத் தெரிவது உங்கள் இடது கண்தான்; அதுதான் குறிபார்க்கிறது. வலத்தோளில் துப்பாக்கியை வைத்து இடக்கண்ணால் குறிபார்த்தால், எதைப் பூட்டினாலும் இடப்பக்கம்தான் போகும்."

எதையும் விற்காமல், நான் கையோடு கொண்டுபோயிருந்த, சுடும்போது போடும் கண்ணாடியின் இடப்பக்கத்தில், அந்தக் கண்ணை மறைக்கச் சிறு டேப் துண்டை ஒட்டிவிட்டார்.

"பாவம் அந்த ஆர்னே. அவருக்கு ஃபோன் எடுங்கோ" என்றாள் மனைவி.

"நாளைக்கு எடுக்கிறன்."

"இப்ப எடுங்கோ. இல்லாட்டி நான் கதைக்கிறன்."

கடைவாசலிலேயே அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"கண்ணைப் பற்றித்தான் நானும் நேற்றுச் சொல்ல வந்தேன்" என்றார் ஆர்னே. "நீ மூச்சுவிட்டால்தானே நான் பேசுவதற்கு!"

நான் கத்திய அந்த ஐந்து நிமிடத்தில் அவர் எத்தனை தடவை வாயைத் திறந்து மூடினார் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.