பட்லர் கற்றுக்கொண்ட சமையல்

1999-இல் சான்டா கிளாராவில் ரூஃபஸ் எழுதிக்கொண்டிருந்த சாஃப்ட்வேருக்கு 'பட்லர்' என்று பெயர். நாம் தினமும் கம்ப்யூட்டரில் என்னென்ன செய்கிறோம் என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். சில நாட்கள் போனதும், காலையில் மெஷினைப் போட்டதுமே வேண்டியதையெல்லாம் தானாக எடுத்துத் திரையில் பரப்பி வைத்துவிடும். "யூசர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவங்க மனசு நமக்குத் தெரியணும்" என்று ரூஃபஸ் சர்ச் வாசலிலும் இந்தியக் கடை க்யூவிலும் பிரசங்கம் செய்வான். மனைவி காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வாளா என்று கேட்டால் மட்டும் முழிப்பான். அது வேறு டிபார்ட்மெண்ட்.

ஆள் பாளையங்கோட்டைக்காரன். குடிக்க மாட்டான், கத்த மாட்டான், ஞாயிறு ஆராதனைக்குத் தவற மாட்டான். மாமியார் வீட்டில் தங்கமான பிள்ளை என்று பெயர். தங்கத்துக்குக் காது கிடையாது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

முதல் நாள் பட்லருக்கு யாரைப் பற்றியும் எதுவும் தெரியாதல்லவா? அதனால் எடுத்த எடுப்பில் திரையில் எதைக் காட்டுவது என்று ஆளுக்குத் தகுந்த ஆரம்பப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். 'வீட்டிலிருக்கும் பெண்' என்ற வகை ரூஃபஸின் பொறுப்பு. சமையல் குறிப்பு, கடைக் கூப்பன், சர்ச் பெண்கள் சங்கம் என்று பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டான். பக்கத்து அறையில்தான் மனைவி ஃபெமினா இருந்தாள். நிபுணர்கள் அப்படியெல்லாம் எழுந்துபோய்க் கேட்பதில்லை.

ஃபெமினா பார்மசி படித்து, மதுரையில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவள். இங்கே கணவனின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தேர்வை எழுதினால்தான் அந்த வேலையை மறுபடி நினைத்தே பார்க்க முடியும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பட்லர் வந்து உட்கார்ந்த மறுநாளே சமையல் குறிப்பை மூடிவிட்டு, மருந்துப் பாடங்களைத் திறந்தாள். ஒரே வாரத்தில் பட்லருக்குப் புரிந்துவிட்டது. அவள் அதை யாரிடமும் மறைக்கவில்லை.

"என்னங்க, வர்ற சனிக்கிழமை எக்ஸாம், சான்ஃபிரான்சிஸ்கோல. நீங்கதான் டிரைவ் பண்ணணும். எட்டு மணிக்குக் கிளம்பணும்."

"ம்."

"கேட்டுச்சா?"

"ம், ம். பண்ணிடலாம்."

அதே சனிக்கிழமைதான் முதலீட்டாளர்கள் பட்லரைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் பணம் போட்டால் கம்பெனி பிழைக்கும். ரூஃபஸின் கிரீன் கார்டும் பிழைக்கும். நிஜ வீட்டு மெஷினையே கொண்டுபோய்க் காட்டினால் அசந்துவிடுவார்கள் என்று அவனுக்கு ஒரு யோசனை. ஃபெமினா குளித்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டரைக் கழற்றிக் காரில் ஏற்றினான். பாத்ரூம் கதவிடம் "போயிட்டு வரேன் ஃபெமி!" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஒன்பதரைக்கு ஆபீஸில் எல்லோரும் கூடியிருக்க, "இது என் வொய்ஃபோட மெஷின். காலையில ரெசிபிதான் பார்ப்பாங்க" என்று ஆங்கிலத்தில் பெருமையாக அறிவித்துவிட்டு மெஷினைப் போட்டான். ரெசிபி வரவில்லை. தேர்வு மையத்தின் விலாசம் வந்தது, போகும் வழி வந்தது. மேலே ஃபெமினா எழுதி வைத்திருந்த குறிப்பும் வந்தது: 'இன்று காலை பத்து மணி, தேர்வு. எட்டுக்குக் கிளம்ப வேண்டும். ரூஃபஸ் காரில் கூட்டிப்போவார்.'

முதலீட்டாளர்களில் ஒரு பெண்மணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ரூஃபஸ் என்பது நீங்கள்தானே?" என்று கேட்டார்.

கணவனைவிடப் பட்லருக்கு அதிகம் தெரிந்திருக்கிறதே என்று முதலாளி சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இதைவிட நல்ல டெமோ யாருக்கு வாய்க்கும்? பணமும் வந்தது. ரூஃபஸ் போனுக்கு ஓடினான். வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சர்ச்சில் பழக்கமான வசந்தாமணி ஆண்ட்டி அவளைக் கூட்டிப்போயிருந்தார். ஆண்ட்டிக்கு ஃப்ரீவேயில் வேகமாக ஓட்டுவதென்றாலே உதறல். போகும் வழி கம்ப்யூட்டருக்குள் இருந்தது, கம்ப்யூட்டர் கணவனோடு போயிருந்தது. தடுமாறி விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு ஆரம்பித்து, கதவைச் சாத்தியிருந்தார்கள். அடுத்த தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"காருக்கு பெட்ரோல் போடப் போயிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றாள் ஃபெமினா, சாயங்காலம். "டிரெஸ் பண்ணிட்டு பால்கனியிலயே நின்னேன்." கத்தியிருந்தால் தேவலை. ரூஃபஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் இறங்கியது. பட்லரைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. கிரீன் கார்டு மனு போய்ச் சேர்ந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்த ஒரு நாள்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனான்.

"ஃபெமி, அடுத்த எக்ஸாம் எப்போ? இந்தத் தடவை நான் லீவே போட்டுடறேன்."

அவள் நிமிரவில்லை. "உங்க பட்லரைக் கேளுங்க."

நியாயம்தான், அதற்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டே போய் மெஷினைப் போட்டான். அவள் இப்போது தினமும் எதைப் பார்க்கிறாளோ அதைப் பட்லர் ஒழுங்காக எடுத்து வைத்தது. சமையல் குறிப்பு, கடைக் கூப்பன், சர்ச் பெண்கள் சங்கம். அவன் பத்து நிமிடத்தில் எழுதிய அதே மூன்றும், அதே வரிசையில்.