வண்டி மேட்டில் இழுக்கவில்லை

சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அதுதான் என் எரிச்சலே. எங்கள் ஊர் ஃப்ரீமான்ட்டுக்குள் கடைக்கோ மருந்து வாங்கவோ எங்கே போனாலும் சமத்தாகப் போகும். 680 ஃப்ரீவேயில் மலை ஏறத் தொடங்கியதும் இழுக்காது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் முப்பது மைலைத் தாண்டாது. பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்தே நம் உயிரை வாங்கிவிடுவான்.

எங்களுக்கோ தினமும் அந்த மலையைத் தாண்டியாக வேண்டும். என் மகள் அந்தப் பக்கம் இருந்தாள். ஒன்பது வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். அவ்வளவு சின்னக் குழந்தையைப் பார்க்க இங்கே வசதியில்லை என்று, பிறந்த அன்றே அவளை மட்டும் ஆம்புலன்ஸில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் போட்ட குழாய் வழியாகப் பால் குடித்துக்கொண்டு மூன்று வாரமாக இருந்தாள். எனக்கு சிசேரியன், வண்டி ஓட்டக் கூடாது. தையல் மேல் ஒரு தலையணை, மடியில் பால் பாட்டில்கள் வைத்த ஐஸ் பெட்டி, இப்படிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போக வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் சாஃப்ட்வேர்க்காரர். எதையும் தானே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை உண்டு. செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் ஒரு சின்னக் கருவியை வரவழைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரர் கோட் காட்டுதும்மா. கிளியர் பண்ணிட்டேன்."

"வண்டி சரியாயிடுச்சா?"

"எரர் போயிடுச்சு."

"நான் அதையாங்க கேட்டேன்?"

மறுநாளே விளக்கு திரும்ப எரிந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க வீடியோ பார்த்து ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். கை நிறைய கிரீஸோடு உள்ளே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை. மலை அடிவாரம் வரைக்கும்தான் அந்தப் பெருமை தாங்கியது. நண்பர்களின் வாட்ஸாப் குரூப்பில் ஒருவர் பெட்ரோல் பம்ப் என்றார், இன்னொருவர் கியர் பாக்ஸே போச்சு, தலைமுழுகிவிடு என்றார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டால், அவன் நாலு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சாவியை நீட்டினான். அட பாவி, நாலு தெருவில் மேடு எங்கே இருக்கிறது? சென்னையிலிருந்து அம்மா போனில், "எல்லாம் கண்ணுதான். எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியில வச்சு ஏத்துங்க" என்றாள். அதையும் செய்தோம். பழம் நசுங்கியதுதான் மிச்சம்.

அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். நாளைக்குப் பதினொரு மணிக்குக் குழந்தையை முதல் தடவையாக உங்கள் மார்பில் வைத்துப் பால் குடிக்கிறாளா என்று பார்க்கலாம், அவள் விழித்திருக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம், தாமதம் வேண்டாம் என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. டாக்ஸியில் போகலாம் என்று நான் சொன்னேன். "ஒன்றரை மணி நேரம் முன்னாடியே கெளம்பிடலாம், மெதுவா ஏறிடும்" என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

பாதி மேட்டில் வண்டி இருபதுக்கு வந்தது. அப்புறம் பத்து. ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கம்ப்யூட்டருக்குச் செய்கிற வைத்தியம். உறுமியது, ஆனால் ஒரு அடி ஏறவில்லை. இறங்கி பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றார். உள்ளே எது என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"மணி பத்தரை ஆச்சுங்க! எதையாவது பண்ணுங்க!"

"என்னம்மா பண்ணச் சொல்ற?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃப்ரீவே நடுவில் டாக்ஸி வராது. இழுத்துப்போகும் வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். பதினொரு மணிக்குச் சரியாகப் பால் சுரந்து என் சட்டை நனைந்தது. துப்பட்டாவால் மூடிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன்.

இழுவை வண்டிக்காரர் அடிவாரத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். அதை நடத்தியவர் வயதான சர்தார்ஜி. என் வீட்டுக்காரர் எரர் கோட், பிளக் என்று கதை சொல்லிக்கொண்டே இருக்க, சர்தார்ஜி காதிலேயே வாங்காமல் இன்ஜினுக்குக் காற்று போகிற வழியில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், யுவர் ரைஸ்?"

பெட்டி நிறைய அரிசி. எங்கள் வீட்டுப் பொன்னி அரிசி. அரிசிக்கு மேல் சாக்கு நாரும் பஞ்சும் சேர்த்து எலி கட்டிய கூடு. ஃபில்டரைப் பாதி தின்றிருந்தது. இன்ஜினுக்கு மூச்சுவிட வழியில்லை, சமதரையில் எப்படியோ சமாளிக்கும், மேட்டில் திணறும் என்றார் சர்தார்ஜி.

இந்தியாவிலிருந்து அரிசி வராது என்று செய்தி வந்த அன்று, நாலு கடை ஏறி இறங்கி எட்டு மூட்டை தூக்கி வரச் செய்தது நான்தான். "எதுக்கு இவ்வளவு?" என்று அவர் கேட்டதற்கு, "உங்களுக்கென்ன, பீட்சா தின்னே காலத்த ஓட்டிடுவீங்க" என்று சண்டை போட்டு, கராஜில் காரை ஒட்டி அடுக்கச் சொன்னதும் நான்தான். இத்தனை நாள் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புது ஃபில்டர் எங்கிருந்தோ வர வேண்டியிருந்தது. வந்து மாட்டியதும் வண்டி மலையை அறுபதில் ஏறியது. ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தையல் இழுக்க இழுக்க நடந்தேன்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குச் சொல்லிவைத்ததுபோல் விழித்தாளாம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, வாயைத் திறந்து திறந்து தேடினாளாம். அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் குழாயில் பாலைக் கொடுத்தார்களாம். நான் வருத்தப்படக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, நர்ஸ் என் தோளைத் தொட்டு, ரொம்ப நல்ல பெண், அழவே இல்லை என்றாள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுப்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே கைவிட்டு, அவள் காலை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு தடவையாவது அழுதிருக்கலாமேடி, அம்மாவைக் காணோம்னு."