சீமாட்டியின் ஈய முத்திரை

எனக்கு வயது எழுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன்; எழுத மட்டும் வராது, கைநாட்டுத்தான்.

ஊரிலுள்ள என் சீதனக் காணியை மகளுக்கு எழுதிக்கொடுக்க, இப்போது நான் இருக்கும் கனடாவின் மொன்றியலில், உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் போக வேண்டியிருந்தது. "கைநாட்டு வைச்சு மானத்தை வாங்காதேங்கோ அம்மா, கையெழுத்துப் பழகுங்கோ" என்றான் மூத்தவன். விரல் வளையவில்லை. வெட்கத்தில் போகாமலே இழுத்தடித்தேன்.

அந்த நாட்களில்தான் அவனுடைய மகள் நிலா என்னை நூதனசாலைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் காசளவில் ஓர் ஈயத் துண்டு. ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் எழுத்து.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தி பைசாந்திய ராச்சியத்தில இருந்த ஒரு சீமாட்டியின்ர முத்திரை, அப்பம்மா. கடிதத்தை நூலால கட்டி, அதில ஈயத்தை வைச்சு அழுத்துவினம்."

"புருசன்ர பேரோ?"

"இல்லை, அவவின்ர சொந்தப் பேர்."

"கையெழுத்து?"

"இதுதான் கையெழுத்து. இதைக் கண்டால் எல்லாரும் நம்புவினம்."

கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தேன். என்ன கம்பீரம்! அவளும் அழுத்தித்தான் தன் பேரை நிலைநாட்டியிருக்கிறாள்.

அடுத்த கிழமை நொத்தாரிசின் மேசையில் மகன் பேனையை நீட்டினான். நான் மைப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன்.

"சீமாட்டி முத்திரை வைக்கப்போறா, தள்ளி நில்லடா!"

பெருவிரலை ஆற அமர உருட்டி அழுத்தினேன். எழுத வராதது குறைதான். என் காணியை என் கையாலேயே கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை.

நிலா, சொன்னதெல்லாம் எழுதிப்போட்டியோ? ஒருக்கா வாசி பிள்ளை. கொப்பர், என்ர மூத்தவனுக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமா வாசி.