மனுவில் இல்லாத பெயர்

சாமை அறுத்துக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர்கள் கொல்லைக்குள் புகுந்து அடித்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த நக்சல் பையன்களுக்கு எங்கள் வீட்டில் சோறு போட்டோமாம். பசி என்று ஜவ்வாது மலை ஏறி வந்தவனிடம் மடியை அவிழ்த்துக் காட்டு என்றா கேட்பார்கள்? அண்ணனின் முழங்காலில் லத்தி விழுந்தது, காய்ந்த மூங்கில் முறிவதுபோல் கேட்டது. தடுக்கப் போன தாய்மாமனின் வாயில் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள்.

"இன்னா, சாவணுமா? யாரையும் புடிக்கல, போ" என்றார்கள் அடிவாரத்து ஸ்டேஷனில். அப்பாவும் நானும் ஒடுகத்தூரில் பஸ் ஏறினோம். வேலூரில் கிடைத்த வக்கீல் எங்களை மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கு அழைத்துப் போனார்.

"எமர்ஜென்சியா இருந்தா கேக்கவே வுட்டிருக்க மாட்டாங்க. இப்ப கோர்ட்டு சொன்னா ஆளைக் கொண்டாந்து நிறுத்தித்தான் ஆவணும். யாரப் புடிச்சாங்க?" என்றார்.

அப்பா அண்ணன் பெயரை மட்டும் சொன்னார்.

எங்கள் மலைப் பஞ்சாயத்தில் குற்றம் சொல்லி நிறுத்தப்பட்டவன் வாய் திறக்கமாட்டான். அவனுக்காகத் தாய்மாமன் பேசுவார். பேசுகிறவர் பெயரை வழக்கில் சேர்ப்பது அவரையே கூண்டில் ஏற்றுவதுபோல. அண்ணனை விட்டால் மாமனும் கூடவே வந்துவிடுவார் என்று இருந்தோம்.

உத்தரவு போன வேகத்தில் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். எங்களை மிதித்த இன்ஸ்பெக்டர் நீதிபதிக்கு முன்னால் கைகட்டி நின்றான். அவன் குரல் நடுங்கியதைக் கேட்டு எனக்கு வெறிபிடித்த சந்தோஷம்.

"உன்னை அடிச்சாங்களா?" என்றார் நீதிபதி.

அண்ணன் பேசவில்லை, சுற்றும்முற்றும் பார்த்தான். பயப்படுகிறான் என்று எண்ணி நீதிபதி போலீஸ்காரர்களை வெளியே அனுப்பினார். அப்போதும் பேசவில்லை.

"பேசுண்ணா. இங்க நீதான் பேசணும்" என்று கத்தினேன்.

"மாமா எங்க? நேத்து வரைக்கும் பக்கத்து ரூம்ல கத்திக்கினு இருந்தாரே" என்றான்.

அண்ணனை அங்கேயே விடுவித்தார்கள். திரும்ப உள்ளே கூப்பிட்டு மாமனைப் பற்றிக் கேட்டதற்கு, அப்படி ஒரு ஆளையே தெரியாது என்றான் இன்ஸ்பெக்டர். மறுநாள் மாமன் பெயரில் மனு போட்டோம், அன்றைக்கே உத்தரவும் வந்தது. காட்டில் கிடந்ததாக ஒரு பிணத்தைக் காட்டினார்கள். மாமன்தான். விரல் ஒவ்வொன்றும் உடைந்திருந்தது.

"முதல் மனுவிலேயே இவர் பேரையும் ஏன் சொல்லல?" என்று நீதிபதி அப்பாவைக் கேட்டார்.

"அவரு மேல ஒரு குத்தமும் இல்லீங்களே சாமி" என்றார் அப்பா.