குச்சிக் கட்சியும் பட்டன் கட்சியும்

கருப்புக் குச்சி... அதோட அடியில மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர். இடப்பக்கம் சாய்ச்சா 'கிர்க்'னு ஒரு சத்தம். பத்து நிமிஷம் பிடிச்சா உள்ளங்கை பூரா ரப்பர் வாசம். சோறு திங்கறப்பவும் போகாது.

எண்பதுகளோட கடைசி. திருச்செங்கோடு. நான் ஒன்பதாவது படிக்கறேன். அப்பாவுக்குச் சொந்தமா ஒரு லாரி, அவரேதான் ஓட்டுவார். ஒரு தடவை பம்பாய் லைன் போயிட்டு வந்தப்ப டிவி கேம் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தார். அந்தக் குச்சியைச் சாய்ச்சுத்தான் விளையாடணும், அதுல கார் ரேஸ் மட்டும்தான் வரும்.

என் பெஞ்சுல பக்கத்துல வளர்மதி. அவங்க வீட்டுல ரிக் வண்டி, போர் போட ஊர் ஊராப் போகும். அவங்கப்பா மெட்ராஸ்ல வாங்கிட்டு வந்த பெட்டில குச்சியே கிடையாது. கைக்குள்ள அடங்கற மாதிரி ஒரு பட்டை, அதுல பட்டன். கேமும் வேற... ஏரோப்ளேன்!

பெட்டில சொருகற கேம் கேசட்டை மாத்திப் போட்டுக்கலாம்னு பாத்தா, அதுவும் நடக்கல. ஸ்கூலுக்குக் கொண்டு வந்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தோம். ரெண்டும் அகலமே வேற.

அப்புறம் என்ன... தினமும் சண்டைதான்.

"குச்சின்னா லாரி கியர் மாதிரி புள்ள. புடிச்சமா, திருப்புனமான்னு இருக்கோணும். பட்டன் அமுக்கறதுக்கு கால்குலேட்டரே போதுமே?"

"கியர் போட்டு லோடா ஏத்தப் போற புள்ள? உன்ற பெட்டில ஏரோப்ளேன் வருமா, அதச் சொல்லு மொதல்ல."

அங்கதான் நான் அடங்கிப் போயிருவேன். வராதே!

கிளாஸே ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. டிவி கேமைக் கண்ணால பாக்காததுங்க கூட குச்சிக் கட்சி, பட்டன் கட்சின்னு சேந்துக்கிட்டு அடிச்சுக்கிச்சுங்க.

அவங்க வீடு எங்க வீட்டுல இருந்து ரெண்டே தெரு. ஆனா நான் போகல, அவளும் வரல. போனா தோத்த மாதிரி ஆயிருமில்ல?

உண்மையைச் சொல்லட்டுமா... கணக்கு கிளாஸ்ல டெஸ்குக்கு அடியில என் கட்டைவிரல் இல்லாத பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கும். அந்த ஏரோப்ளேனை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும். அவ்ளோ ஆசை. கேட்டிருந்தா குடுத்திருப்பா. கேக்கத்தான் வாய் வரல.

பெரிய லீவு முடியற நேரம். வளர்மதியை ஈரோட்டுல ஹாஸ்டல்ல சேக்கறாங்கன்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ்.

"போறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணிரலாம் வா"ன்னு அவளே சொல்லி அனுப்புனா. யார் வீட்டுலயும் வேண்டாம், எங்க லாரி நிக்கற ஷெட்டுல வெச்சுக்கலாம்னு பேச்சு. ரெண்டு பெட்டி, எங்க சின்ன டிவி. ரெண்டு பேரும் ரெண்டையும் விளையாடணும், அப்புறம் மனசாட்சிப்படி சொல்லணும்.

காலைல பத்து மணி. டிவியை ஸ்டூல் மேல வெச்சு ஸ்விட்சைப் போட்டா... கரண்ட் இல்ல.

பதினொண்ணு ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. நான் எந்திரிச்சு ஸ்விட்சைத் தட்டுவேன், உக்காருவேன், மறுபடி எந்திரிப்பேன். வளர்மதி பாவாடை ஓரத்தை முறுக்கிக்கிட்டே இருந்தா.

"ரெண்டு மணிக்கு அம்மா கூப்புடும். நான் ஊட்டுக்குப் போகோணும்."

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. லோடுக்குக் காத்துக் கிடக்கற ஊர்ல எல்லாம் அப்பா அந்தச் சின்ன டிவியை லாரி பேட்டரில மாட்டித்தான் பாப்பார். லாரில ஒண்ணோட ஒண்ணு கோத்த மாதிரி ரெண்டு பேட்டரி. ஒண்ணுல டிவியை மாட்டினேன்... உசுரு வந்துருச்சு, திரை பூரா வெள்ளைப் புள்ளி! வளர்மதி கை தட்டிக் குதிச்சா.

"கேமுக்கு என்ன பண்ணுவ?"

"இன்னொரு பேட்டரி சும்மாத்தான கெடக்குது? நான் லாரிக்குள்ளயே பொறந்தவ புள்ள. உன்ற பெட்டியக் குடு, மொதல்ல அதையே மாட்டலாம். நீதான ஊருக்குப் போறவ?"

பெருந்தன்மையாம்!

"பாத்து புள்ள, அப்பா திட்டுவாரு"ன்னுதான் குடுத்தா.

அடாப்டர் வயரை நறுக்கி, நுனியைச் சீவி, அவசர அவசரமா ஒரு நுனியை இந்தப் பேட்டரில வெச்சேன், இன்னொண்ணை அந்தப் பேட்டரில வெச்சேன். ஒரு பேட்டரியே அந்தக் குட்டிப் பெட்டிக்கு ஜாஸ்தி. ரெண்டோட பவரும் சேந்து ஏறிருச்சு.

'டப்'னு ஒரு சத்தம். நூலாட்டம் வெள்ளைப் புகை.

வளர்மதி பெட்டியைப் பாக்கல. என்னையத்தான் பாத்தா.

"உன்றதை ஏன் மொதல்ல மாட்டல? வேணும்னேதான பண்ணுன?"

இல்லேன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல. உன் ஏரோப்ளேன் மேல ஆசைன்னு சொன்னா பட்டன் கட்சி ஜெயிச்சதா ஆயிருமே... அந்த நேரத்துலயும் புத்தி அங்கதான் நின்னுச்சு பாருங்க.

சாயங்காலம் என் பெட்டியைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜன்னல் சீட்ல இருந்தா. நீட்டினேன்.

"அந்தக் குச்சிய நீயே வெச்சுக்க"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. பஸ் கிளம்பிருச்சு.

இப்ப என் மகன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு முகம் தெரியாத யார்கூடயோ மணிக்கணக்குல சண்டை போடறான். எந்த கன்சோல் உசத்தி, எந்த கேம் யாருக்கு மட்டும் வருது... அதே சண்டை. கரண்ட் போனா இன்வெர்ட்டர் இருக்கு. கேட்ட கேம் அடுத்த நிமிஷம் இறங்குது. அவனோட கன்ட்ரோலரை வாங்கிப் பாத்தேன். அதுல குச்சியும் இருக்கு, பட்டனும் இருக்கு. எனக்கு என்னமோ சிரிப்பு வரல.

போன வாரம் எனக்காகப் பழைய ஏரோப்ளேன் கேம் ஒண்ணைத் தேடிப் போட்டுக் குடுத்தான். "இதாம்மா அது?"ன்னான். தெரியலடான்னேன். நான்தான் அதைப் பாத்ததே இல்லையே.

வளரு, நம்ம ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல உன்னையும் சேத்துருக்காங்கன்னு பாத்தேன். வேணும்னு பண்ணல புள்ள. உன்றதை மொதல்ல மாட்டுனது, எனக்கு அதை விளையாடோணும்னு அவ்ளோ ஆசை. அதான்.

மகன் போட்டுக் குடுத்த ஏரோப்ளேனை அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டேன். பட்டன்தான் நல்லாருக்குது.