பனிக்கடல் குட்டி

கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற வம்சத்தில் பிறந்தவர், போயும் போயும் ஒரு சுறாமீனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? தோதாத்ரிக்கு அப்படித்தான் எழுதியிருந்தது. திருப்பதியில் ஒரு கல்லூரியில் அவர் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பகலில் தவளையை அறுத்துக் காட்டுவார். சாயங்காலம் கொல்லைப்புறமாக நுழைந்து, கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். கடலை மெட்ராஸில் படித்த காலத்தில் கரையில் நின்று பார்த்ததோடு சரி, கால் நனைத்ததுகூடக் கிடையாது.

அப்படிப்பட்டவருக்குப் பித்துப் பிடித்ததோ, உலகத்தின் வடகோடியில் பனிக்கட்டி மிதக்கிற கடலில் வாழும் ஒரு சுறாவின்மேல். கிரீன்லாந்துச் சுறா என்று பேர். இருபதடி வரைக்கும் வளரும், ஆனால் அந்த வளர்த்தி ஆமை வேகம்தான். வெளிச்சம் எட்டாத ஆழத்தில், ரத்தம் உறைகிற குளிரில், மெள்ள மெள்ள நீந்திக்கொண்டே இருக்கும். செத்த திமிங்கிலமோ தூங்குகிற சீல் என்னும் கடல்நாயோ, அகப்பட்டதைத் தின்னும். ஒரு சின்ன ஒட்டுண்ணி அதன் கண்ணில் கொக்கி போட்டுத் தொங்கிப் பார்வையையே மங்கடித்துவிடும். கண் போனாலும் மோப்பத்தை வைத்தே பிழைத்துக்கொள்ளும். அதன் பச்சை மாமிசத்தைத் தின்ற நாய்கள் கள் குடித்ததுபோலத் தள்ளாடும்.

இதையெல்லாம் அவர் சாப்பிடும்போதுதான் சொல்வார். "பெருமாளே! சாதத்துல கையை வச்சிண்டு பேசற பேச்சா இது?" என்று அவர் மனைவி வரலக்ஷ்மி தலையில் அடித்துக்கொள்வாள். ரசம் விடும்போது, "பாவம், கண்ணுலயா போய்த் தொங்கும்?" என்று அவளே கேட்பாள்.

அந்தச் சுறா முட்டையிடுமா, குட்டி போடுமா என்பது மட்டும் அன்றைக்கு நிச்சயமாகத் தெரியாது. வயிற்றில் முட்டைகளைப் பார்த்தவர்கள் முட்டையிடும் என்றே எழுதிவைத்திருந்தார்கள். குட்டியோடு பார்த்ததாகத் தோதாத்ரி படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர் கல்லூரி அலமாரியின் அடித்தட்டில், தூசி படிந்த கண்ணாடி ஜாடியில், மருந்துத் தண்ணீரில் ஒரு மீன் மிதந்துகொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் விட்டுப்போனது. கப்பல் டாக்டராக இருந்த அவருடைய தம்பி, ஐஸ்லாந்துப் பக்கம் பிடிபட்ட பெரிய சுறாவின் வயிற்றிலிருந்து எடுத்ததாம். சுறா விழுங்கிய இரை என்று எல்லோரும் நினைத்து விட்டுவிட்டார்கள். ஒரு நாள் ஜாடியைத் துடைத்த தோதாத்ரி உற்றுப் பார்த்தார். முதுகுத் துடுப்பில் முள் இல்லை. வாலுக்கு முன்னால் அடித்துடுப்பு இல்லை. அச்சு அசல் கிரீன்லாந்துச் சுறாவின் ஜாடை. வயிற்றிலிருந்து ஒரு கொடி, கொடியின் நுனியில் சுருங்கிய மஞ்சள் கருப் பை. விழுங்கிய மீனுக்குக் கொடி ஏது? இது இரை இல்லை, பிறக்காத குட்டி.

மெட்ராஸுக்குப் போய்த் தமக்குப் பாடம் சொன்ன பழைய பேராசிரியரிடம் மூச்சு வாங்கச் சொன்னார். "ஜாடியைக் கொண்டாரும் ஓய், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். நீர் சொல்வது நிஜமானால் லெக்சரர் வேலை என்ன, உம்முடைய பேரே புத்தகத்தில் ஏறிவிடும்" என்றார் அவர். பத்து வருஷமாக டெமான்ஸ்ட்ரேட்டராகவே காய்ந்துகொண்டிருந்தவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ஆந்திரம் தனி ராஜ்யமாகப் பிரிந்த சமயம் அது. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று காப்பிக் கடையில்கூட வாய்ச்சண்டை. கல்லூரிச் சாமானையும் பங்கு போடப்போகிறார்கள், அதுவரை அலமாரிக்கு அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள் என்று யாரோ புரளி கிளப்பினார்கள். பிற்பாடு எல்லைத் தகராறு வருஷக்கணக்கில் இழுத்துத் தீர்ந்தது, அந்த அலமாரியை ஒரு ஈ காக்கை சீண்டவில்லை. ஆனால் தோதாத்ரி பயந்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜாடியைச் சால்வையில் சுற்றி ஜட்காவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, விறகு அறையில் வரட்டி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். திங்கட்கிழமை ரேணிகுண்டாவில் ரயில் ஏறுவதாகத் திட்டம்.

"அங்கே காலேஜ் சாமான் ஒண்ணு இருக்கு, தொடாதே" என்று மட்டும் வரலக்ஷ்மியிடம் சொன்னார். என்ன சாமான் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவர் எதைத்தான் சொன்னார்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்தூரில் அவர்களுடைய முதல் குழந்தை செத்தே பிறந்தது. வரலக்ஷ்மி தாங்கமாட்டாள் என்று முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துவிட்டார்கள். பல் முளைக்காத குழந்தையை எரிக்கிற வழக்கமில்லை, புதைக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் ஜட்கா ஓட்டுகிற கங்கையா, தோதாத்ரி நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "நீ எதுக்கு சாமி அழுதுக்கினு கூட வர்ற? இப்டி குடு, நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினான். அவரும் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வரலக்ஷ்மி கேட்டபோது, "நீவா நதிக்கரையில, என் கையாலயே வச்சுட்டு வந்தேன்" என்றார். அடுத்த வருஷமே கங்கையா காலராவில் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோதாத்ரியின் அப்பாவுக்கு ஸ்ராத்தம். முதல் நாள் சனிக்கிழமை வரலக்ஷ்மி வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவ ஆரம்பித்தாள். விறகு அறையையும் விடவில்லை.

மத்தியானம் கல்லூரியிலிருந்து திரும்பியவர் வழக்கம்போலக் கொல்லைப்புறம் நுழைந்தார். துவைக்கிற கல்லின்மேல் ஜாடி கவிழ்ந்து கிடந்தது, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று. வரலக்ஷ்மி ஈரப்புடவையோடு, தலை சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்றாள்.

"எங்கேடி அது?"

"பொதைச்சுட்டேன்."

"ஐயோ, அது மீனுடி! சுறாமீனு!"

"மீன்னு தெரியாதா நேக்கு? கொடியோட மிதந்துண்டிருந்தது. அதுவும் ஒருத்தி வயத்துல இருந்ததுதானே? நாளைக்கு ஸ்ராத்தத்தை வச்சிண்டு, நம்மாத்துக்குள்ள ஒரு பிரேதம் கிடக்கறச்சே எப்படி அடுப்பு மூட்டுவேன்? உங்க பழைய வேஷ்டியில சுத்தி, நானே எடுத்துண்டு போய் சொர்ணமுகி நதி மணல்ல வச்சுட்டு வந்தேன்."

தோதாத்ரி ஜன்மத்தில் அப்படிக் கத்தியதில்லை. "குடியைக் கெடுத்துட்டியேடி பாவி! என் பேரு, என் வேலை, எல்லாம் அதுலதான் இருந்தது!" என்று கூவிக்கொண்டே மண்வெட்டியைத் தேடி எடுத்தார். "எந்த எடம்? இன்னும் கெட்டிருக்காது. சொல்லு, சீக்கிரம்!"

அவள் படியைவிட்டு இறங்கி வந்தாள்.

"சொல்றேன். நீங்க மொதல்ல சொல்லுங்கோ. நம்ம கொழந்தையை நீவாவுல எந்தப் பக்கம் வச்சேள்? பக்கத்துல மரம் ஏதாவது இருக்கா? ஒரே ஒரு தடவை என்னை அழைச்சிண்டு போய்க் காட்டுங்கோ. அழமாட்டேன், ஆர்ப்பாட்டம் பண்ணமாட்டேன். காட்டறேன்னு சொல்லுங்கோ, இப்பவே இதைத் தோண்டி உங்க கையில தரேன்."

ஒரு பொய் போதும். கரையில் ஏதோ ஒரு மரத்தைச் சொல்லியிருந்தால் சுறாவும் கிடைத்திருக்கும், மெட்ராஸ் ரயிலும் கிடைத்திருக்கும். அவள் முகத்தில் மூன்று வருஷமாக இல்லாத ஆசையைப் பார்த்தார். வாயில் வந்த மரத்தை அப்படியே விழுங்கிவிட்டார்.

"நேக்குத் தெரியாது, வரலக்ஷ்மி" என்றார். "நான் போகலை. கங்கையா கையில குடுத்துட்டு நின்னுட்டேன். பயமா இருந்தது."

அவள் அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாத்தினாள்.

"நம்ம கொழந்தைக்குத்தான் எடம் தெரிஞ்சவா யாருமில்லாம போயிடுத்து. இதுக்காவது நான் ஒருத்தி இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

உள்ளே போய், மறுநாள் தளிகைக்கு வேண்டிய உளுந்தைக் களைந்து ஊறப்போட்டாள்.