கடையில் வாங்காத உப்பு

எரிச்சல் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த ஸ்பூன்தான் ஞாபகத்துக்கு வரும். 2005-இல் மரக்காணம் பக்கம் வீடு வீடாகப் போய், யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதும் வேலை எனக்கு. கோட்டக்குப்பத்தில் பிரியாணி, ஆரோவில்லில் பிரெட், உப்பளத்துக்காரர்கள் வீட்டில் கூழும் கருவாடும். கேள்வித்தாள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே! அதில் உப்பு அதிகம் என்று வருகிறவர்களைத்தான் பிரஷர் பார்க்கும் முகாமுக்குக் கூப்பிடுவார்கள்.

உப்பளத்தில் வேலை செய்த ஒரு அக்காவுக்கு அடிக்கடி தலை சுற்றும், கண் இருட்டும். அவர் பெயர் முகாமுக்கு வந்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

"மாசத்துக்கு எத்தினி பாக்கெட் உப்பு வாங்குவீங்கக்கா?"

"நல்லா கேட்ட போ! உப்பளத்துல வேலை செய்யறவ கடையில போயி உப்பு வாங்குவாளா?"

அடுப்போரம் பானை நிறையக் கல்லுப்பு. அளவு காட்டச் சொல்லி, பையிலிருந்த அளவு ஸ்பூனை நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பிடி அள்ளிக் கூழில் போட்டார்.

"இதுக்கு ஒரு கை, கொழம்புக்கு ஒரு கை. ஸ்பூனுல போட்டா எந்தக் காலத்துல உப்பு ஏறும்?"

'கைப்பிடி' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் சூப்பர்வைசர் அதை அடித்துவிட்டார். வாங்கிய பாக்கெட் பூஜ்யம், ஆகவே உப்பு குறைவு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அவங்க நாள் பூரா உப்புலயே நிக்கறாங்க சார்!"

"கைப்பிடிக்கெல்லாம் கட்டம் இல்லம்மா. ஒரு ஊருக்காக மாத்தினா மத்த ஊரோட எப்படி ஒப்பிடறது?"

இவரிடம் என்ன சொல்லி அழுவது! முகாமுக்கான பட்டியலில் அக்கா பெயர் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அக்காவிடமே ஓடினேன்.

"நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பாத்துக்குங்கக்கா."

"பேரு வரலன்னா ஒடம்பு நல்லா இருக்குதுன்னுதானே அர்த்தம்? அப்புறம் என்னாத்துக்கு ஒரு நாள் கூலிய விடறது?"

படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே!

அடுத்த வருஷம் அதே கேள்வித்தாளோடு போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதம். வலது கை மடியில் அப்படியே கிடந்தது. என் கையிலிருந்த தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஆத்திரமாக வந்தது.

அவர் இடது கையால் என் பையைக் காட்டினார். பேச்சு குழறியது.

"அந்த ஸ்பூன இப்பவாவது குடுத்துட்டுப் போம்மா. இந்தக் கைல பிடி வரமாட்டேங்குது."